நொட்டை அக்கா வேதாந்தம் படித்த கதை

கண்ணாடிப் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை, பாட்டிலைப் பார்ப்பது. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒரு ஷிப்ட் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், கண் எரிந்து ஓடிவிடுவார்கள். வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். கழுத்தில் கீறல், வயிற்றில் காற்றுக்குமிழ், அடியில் கோணல், எதுவானாலும் கண்ணில் பட வேண்டும். பட்டதும் சட்டென்று எடுத்து, குறை இருக்கிற இடத்தைச் சுற்றிச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்துத் தொட்டியில் தள்ள வேண்டும். தொட்டியில் விழுந்தது மறுபடி உலைக்குப் போகும். நல்ல பாட்டிலை அவள் பார்ப்பதே இல்லை; அது பாட்டுக்கு முன்னால் ஓடிப் போய்விடும். கல்யாணமான புதிதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், தலை நரைத்த பிறகும் அதிலேயே இருந்தாள்.

கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் நொட்டை அக்கா. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது. அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும், உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு. அவள் புடவை எடுக்கப் போனால், கடைக்காரன் கடையைச் சாத்திவிடலாமா என்று யோசிப்பான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, வந்த பையன்களை விளக்குப் பலகைக்கு முன்னால் நிறுத்தாத குறைதான்.

ஆனால் அவள் பெரிய நொட்டை சொன்னது கடவுளை. கடவுள் இல்லை என்கிற கட்சி அல்ல அவள். இல்லை என்று ஆகிவிட்டால் யாரைத் திட்டுவது? அவளுடைய தங்கை தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்த பெரியப்பா ஒருவர், நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லத் தெரியாமல், "எல்லாம் அவனோட விளையாட்டும்மா" என்று மேலே கையைக் காட்டினார்.

"விளையாட அவனுக்கு என் தங்கச்சிதான் கிடைச்சாளா? கூப்பிடுங்க அவன, நேர்ல கேக்கறேன்" என்றாள் இவள்.

பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்தான், அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு மூண்ட சண்டை அவளுக்கு அடங்கவே இல்லை. வீட்டில் ஒரு சாமி படம் கிடையாது. யாராவது "கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்று சொன்னால் போதும், "நல்லா இல்லாதவங்க எல்லாம் யார் புண்ணியத்துல இருக்காங்களாம்?" என்று பிடித்துக்கொள்வாள்.

அவள் கணவர் சாது. அதே தொழிற்சாலையின் பேருந்தை ஓட்டியவர். ஆட்களை வாசலில் இறக்கிவிட்டு, மாலையில் வாசலிலேயே ஏற்றிக்கொண்டு வருவார்; உள்ளே கால் வைத்ததில்லை. வேலை முடிந்து ஓய்வு பெற்றபின், நாள் முழுக்க வீட்டில் மனைவியின் பார்வைக்கு நேரே உட்கார்ந்திருப்பது எந்தக் கணவனுக்கும் கஷ்டம், அதுவும் இந்த மனைவிக்கு நேரே என்றால் கேட்கவே வேண்டாம். மருந்துக் கடை மாடியில் ஞாயிறு மாலைகளில் வேதாந்த வகுப்பு நடந்தது. அதில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

வகுப்பெடுத்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். போர்க்களத்தின் நடுவே தேரை நிறுத்திவிட்டுக் கடவுள் வில்லாளியிடம் பேசுகிற அந்த நூலில் ஆரம்பித்து, நடுநடுவே உபநிடதங்களுக்கும் போய்வருவார். பேருந்துக்காரருக்கு அந்தப் போர்க்களம் மிகவும் பிடித்துப்போயிற்று.

"கடவுளே டிரைவரா வர்றாருடி" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். "பின்னால நிக்கறவன் புலம்பறான். இவரு வண்டிய நிறுத்திட்டுப் பொறுமையா பதில் சொல்றாரு. நான் எத்தனை பேரு புலம்பலக் கேட்டுக்கிட்டே ஓட்டியிருக்கேன்!"

"நீங்க வண்டிய நிறுத்தினது டீ குடிக்க" என்றாள் அவள்.

அதுவரைக்கும் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் மருந்துக் கடை மாடிப்படியில் பாதி ஏறும்போதே அவருக்கு நெஞ்சை அடைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களில் அடைப்பு என்றும், நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றும், தள்ளிப்போட்டால் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "வேண்டாம் டாக்டர்" என்றார் இவர், கூடக் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டதற்குச் சொல்வது போல.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவிலேயே ஆரம்பித்தார். "கிழிஞ்ச சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வேற ஒண்ணு மாட்டிக்கிற மாதிரிதான்டி இது. உள்ள இருக்கிறத எந்தக் கத்தியும் வெட்டாது. நெருப்பு சுடாது. இதுக்குப் போய் நாம பதறக் கூடாது."

"ஒரு பட்டன் பிஞ்சா வீட்ட ரெண்டாக்குற மனுஷன், சட்டையே போகட்டுங்கறீங்களா?"

"உனக்குப் புரியாது. நீ உடம்பப் பாக்கற. நான் அதுக்கு உள்ள பாக்கறேன்."

"டாக்டரும் உள்ளதான் பாக்கணுங்கறாரு. விடுங்களேன்!"

ஆட்டோக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், அது அவள் வாங்கி வந்த வரம். அன்று வீட்டில் உருண்ட பாத்திரங்களின் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

தூர தேசத்தில் இருக்கும் மகள் போன் செய்தாள். அழுதாள். அவளிடமும் இவர், "அப்பா எங்கயும் போக மாட்டேன்மா. அப்பாங்கறது இந்த உடம்பு இல்ல" என்று சாந்தமாகச் சொன்னார். மகள் இன்னும் சத்தமாக அழுதாள். அவரிடமிருந்து போனைப் பிடுங்கிப் பேசி முடித்துவிட்டு, நொட்டை அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மனிதரோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, இவர் எதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறாரோ அந்தப் புத்தகத்தையே ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

புத்தகம் தடிமனானது. போர்க்களத்து உபதேசமும் சில உபநிடதங்களும் தமிழ் உரையோடு ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஷிப்ட் முடிந்து வந்து, அவர் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது, சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து படிப்பாள். கைப்பையில் சிவப்புப் பென்சில் எப்போதும் கிடக்கும். அவளுக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான். எங்கே கீறல், எங்கே குமிழ் என்று பார்த்துக்கொண்டு போனாள். பட்ட இடத்தில் வட்டம் போட்டாள்.

வட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. இது அல்ல, இது அல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனால் எதைத் தள்ள முடியவில்லையோ அதுதான் பரம்பொருள் என்று ஓரிடத்தில் இருந்தது. 'நானும் ஆயுசு பூரா இது இல்ல இது இல்லன்னு தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். எந்தப் பரம்பொருளும் மிஞ்சக் காணோம்' என்று மனசுக்குள் சொல்லி ஒரு வட்டம். எல்லாமே அவன்தான், கொல்கிறவனும் அவன் கொல்லப்படுகிறவனும் அவன் என்கிற மாதிரி உரைகாரர் விளக்கிய இடத்தில் பென்சில் அழுத்தித் தாளே கிழிந்தது.

இன்னொரு இடத்தில் ஒரு கதை. வெற்றி பெற்ற தேவர்கள், எல்லாம் நம்மால்தான் என்று தலைகனத்துத் திரிந்தார்களாம். யாரென்று தெரியாத ஒருவன் அவர்கள் முன்னால் தோன்றி, ஒரு துரும்பைக் கீழே போட்டு, இதை எரி என்றானாம் அக்கினியிடம். அக்கினியால் முடியவில்லை. காற்றால் அதை அசைக்க முடியவில்லை. வந்தவன்தான் அந்தப் பரம்பொருள். அவள் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். நெருப்பிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு துரும்பைக் காப்பாற்றத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஒரு சின்னப் பெண்ணைக் காப்பாற்றத் தெரியவில்லை. தங்கை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தச் சமையலறையில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, துரும்பைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவள் கை நின்றது. வில்லாளி கேட்டுக்கொண்டதற்காகத் தேரோட்டி தன் முழு உருவத்தைக் காட்டுகிற இடம். கணக்கில்லாத வாய்கள், ஒவ்வொன்றிலும் நெருப்பு. இரண்டு பக்கத்துப் படைகளும் விளக்கில் விழும் பூச்சிகள் மாதிரி அந்த வாய்களுக்குள் ஓடி விழுகின்றன. பல்லிடுக்கில் தலைகள் நசுங்குகின்றன. நீ யார் என்று கேட்டால், எல்லாரையும் முடிக்க வந்த காலம் நான் என்கிறான். அவளுக்கு ஒரு வெறுப்பான திருப்தி வந்தது. இவன்தான். இவனைத்தான் அவளுக்குத் தெரியும். இத்தனை பக்கங்களில் இந்த ஒரு பக்கம்தான் அவனை உள்ளபடி எழுதியிருக்கிறது என்று தோன்றியது. வட்டம் போடாமல் பக்கத்தைத் திருப்பினாள்.

திருப்பினால், இத்தனை உபதேசமும் கேட்ட அந்த வில்லாளி நடுநடுங்குகிறான். பார்த்ததில் சந்தோஷம்தான், ஆனாலும் பயத்தில் மனசு பதறுகிறது, தயவுசெய்து பழைய முகத்தோடு வா என்று கெஞ்சுகிறான். அவளுக்கு வந்ததே கோபம்! ஆத்மா அழியாது, வெட்டுப்படாது என்று பக்கம் பக்கமாகப் பாடம் கேட்டவன் கடைசியில் இப்படி நடுங்கினால், அந்தப் பாடம் என்ன பாடம்? அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டாள். ஒன்றுக்கும் உதவாத பாட்டிலுக்குத்தான் அவள் இரண்டு வட்டம் போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு அவளும் வகுப்புக்குக் கிளம்பினாள். அவர் முகம் வெளிறியது. மாடிப்படியில் அவர் நின்று நின்று ஏறினார். ஒவ்வொரு தடவை அவர் நிற்கும்போதும் அவளுக்கு ஆத்திரம் ஒரு படி ஏறியது. மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர், எல்லாம் நரைத்த தலைகள். வாத்தியார் பேச வாயைத் திறக்கும் முன்னாலேயே அவள் எழுந்துவிட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். இவருக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. நீங்க உடம்பு சட்டைன்னு சொல்லிக் குடுத்ததுல இவரு வேண்டாங்கறாரு. இவரு செத்துட்டா நீங்க வந்து எனக்கு வேற ஒருத்தர மாட்டி விடுவீங்களா?"

யாரோ ஒருவர் "அம்மா, வகுப்புல இப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க, உங்க வீட்டு நெஞ்சு இல்ல" என்றாள். அவர் சும்மா இருந்தார்.

வாத்தியாருக்கு ஆபரேஷன் விஷயமே அப்போதுதான் தெரியும். பேருந்துக்காரரைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து நின்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து மார்பின் நடுவாக இறங்கியது ஒரு நீளத் தழும்பு.

"நானும் பண்ணிக்கிட்டவன்தான்" என்றார். "ரெண்டு தடவை."

பேருந்துக்காரர் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சார் எங்ககிட்டச் சொல்லவே இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரும் கேக்கல. இதப் போய் என்னன்னு சொல்றது?"

சாதகமான பதில்தான். அவள் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் பொறுக்கவில்லை. "சட்டையக் கழட்டறதப் பத்தி வாரக் கணக்கா வாய் வலிக்கப் பேசத் தெரிஞ்சுது. நீங்க தைச்சுப் போட்டுக்கிட்டதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா? அந்த ஒரு வார்த்தை சொல்லாததுக்கு என் புருஷன் உயிர் போகப் பாக்குது சார்!"

வாத்தியார் மறுத்துப் பேசவில்லை. "தப்புதான்மா" என்றார். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு போனவளுக்கு எதிராளி இப்படிப் படுத்துவிட்டால் இன்னும் எரிச்சல்தான் வரும். வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேருந்துக்காரர் புத்தகத்தை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார். "எல்லாம் பேச்சுடி. அவரு மட்டும் தைச்சுக்கிட்டாரு" என்றார். ஜெயித்துவிட்டோம், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நாள் குறித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். "சரி, எப்பப் போகலாம்?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை.

அவர் இப்போது சட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. எதைப் பற்றியுமே பேசுவதில்லை. ஜன்னலோரத்து நாற்காலியில் ஒரு கையை மார்பில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். குளியலறைக்குப் போனால் கதவைத் தாழ் போடுவதில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நின்றிருக்கிறார். அதைத் தட்டிவிட்டது அவள். தட்டிவிட்ட இடத்தில் வைக்க அவளிடம் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. நொட்டை சொல்லிச் சொல்லியே காலம் தள்ளியவளுக்கு முதல் தடவையாக அது வெட்கமாக இருந்தது.

அடுத்து வந்த ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் புத்தகம். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மறுபடி எடுத்திருக்கிறார்.

"நீ எப்பப் படிச்ச இத?"

அவளுக்குத் திக்கென்றது. வகுப்பில் எல்லாரும் மனசுக்குப் பிடித்த வரிக்குத்தான் அடிக்கோடு போடுவார்கள். அவரும் அப்படித்தான். தொழிற்சாலைக்குள் அந்த வட்டத்துக்கு என்ன மரியாதை என்பது வாசலோடு திரும்பிய அவருக்குத் தெரியாது, அவளும் சொன்னதில்லை.

"எனக்குத் தெரியாம இவ்வளவையும் படிச்சு, எனக்காக ஒவ்வொண்ணா பொறுக்கி வச்சிருக்க" என்றார். "இதோ, இதுக்கு மட்டும் ரெண்டு வட்டம். எவ்வளவு பெரிய வில்லாளி! கடவுளே பக்கத்துல நிக்கறாரு. அவனே பயமா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்றான். கடவுள் அவனப் பாத்துச் சிரிக்கல. சரி சரின்னு பழைய முகத்தக் காட்டறாரு. என்கிட்ட நேரா கேட்டா எனக்கு அவமானமா இருக்கும்னுதானே நீ இதுல குறிச்சு வச்ச?"

அவள் வாயைத் திறந்தாள். அது கழித்துப் போட்ட வரிங்க, உலைக்குப் போக வேண்டியது என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உண்மை அதுதான்.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றார் அவர். "மயக்க மருந்து குடுத்துப் படுக்க வச்சு, நெஞ்ச ரெண்டா பொளந்து... முழிக்கவே இல்லைன்னா? நான் ஒருத்தன் இருந்தேங்கறதே இல்லாம போயிட்டா? சட்டை கிட்டைன்னு சொன்னதெல்லாம் சும்மா. பயம்தான்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அவருடைய முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பயந்துக்கிட்டே வாங்க" என்றாள். "பயம் போனதுக்கப்புறம்தான் படுக்கணும்னு டாக்டர் ஒண்ணும் சொல்லல."

அவர் தலையை ஆட்டினார். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போய் நாள் குறித்துக்கொண்டு வந்தார்கள்.

ஆபரேஷன் அன்று மகளும் வந்து சேர்ந்திருந்தாள். அவள் மருந்துச் சீட்டோடு கீழே ஓடியிருந்த நேரத்தில், அவரைச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாத்தியார், யாரும் கூப்பிடாமலே வந்து, ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தியேட்டர் கதவருகே பேருந்துக்காரர் கையைத் தூக்கிக் கட்டிலை நிறுத்தச் சொன்னார். மனைவியைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீ முழுசா படிச்சிருக்க. எல்லாத்துக்கும் தலையாட்டுற ஆளும் இல்ல. நீ சொல்லு. உள்ள அப்படி ஒண்ணு இருக்கா? வெட்டுப்படாதது?"

தள்ளுகிறவன் அவளைப் பார்த்தான். நர்ஸ் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்மா என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. பெஞ்சிலிருந்து வாத்தியார்கூட எழுந்துவிட்டார்.

"தெரியலைங்க" என்றாள் அவள்.

"நிஜமா?"

"நிஜமா. இருக்குன்னு சொல்ல எனக்கு ஒண்ணும் கண்ணுல படல. இல்லைன்னு சொல்லவும் படல. தெரியாது."

நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆனால் கட்டிலில் கிடந்தவர் ஒரு பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்தது.

"அப்பாடா" என்றார். "நீ மட்டும் இருக்குன்னு சொல்லியிருந்தா நான் எறங்கி ஓடியிருப்பேன். நான் பொழைக்க மாட்டேன்னு டாக்டர் உன்கிட்டச் சொல்லிட்டாருன்னு அர்த்தம்." தள்ளுகிறவனைப் பார்த்து, "வண்டிய எடுப்பா" என்றார்.

கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வாத்தியார் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "வாம்மா, உக்காந்து கொஞ்சம் பிரார்த்தனை பண்ணலாம்" என்றார்.

"நீங்க பண்ணுங்க" என்றாள்.

அவள் உட்காரவில்லை. மூடிய கதவுக்கு முன்னாலேயே நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தங்கை போன நாளிலிருந்து அவள் அவனைத் திட்டாத இடமில்லை, ஆனால் ஒருநாளும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. இப்போது பேசினாள், வாத்தியார் காதில் விழாதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இங்க பாரு. உன்கிட்ட நான் எதுவும் கேக்கல. உள்ள டாக்டர் இருக்காரு, அவரு பாத்துக்குவாரு. நீ குறுக்க வராம இரு. அது போதும்."